வாசகர் கேள்வி – எங்கள் பதில்: டினோ ஸோஃப் எப்படி நின்றார்?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, உலகக் கோப்பையை வென்ற ஆட்டக்காரர்களிலேயே வயதில் மூத்தவர் இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஸோஃப் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, அவருடைய ஆட்டத்தைப் பற்றி நுணுக்கமாகக் கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கோல்கீப்பராக ஆட மிகுந்த ஆசை. குறுவட்டப் போட்டிக்கான தேர்வில் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸோஃபையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள் என்றும், பாட்டி முட்டை கொடுத்து வளர்த்தார் என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா?
— ஓர் ஆசிரியர், மேலூர்

உண்மைதான். இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃபிரியூலி என்ற பகுதியில் மரியானோ தெல் ஃபிரியூலி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1942 பிப்ரவரி 28 அன்று ஸோஃப் பிறந்தார். பதினான்கு வயதில் இண்டர் மிலான், யுவென்டஸ் ஆகிய இரண்டு பெரிய கழகங்களும் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உயரம் இல்லை என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டன. அதன் பிறகு அவருடைய பாட்டி நாளுக்கு எட்டு முட்டை சாப்பிடச் சொன்னார் என்பதும், ஐந்து ஆண்டுகளில் அவர் 33 செ.மீ. வளர்ந்தார் என்பதும் ஸோஃபின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஒருவர் விடாமல் குறிப்பிடும் செய்திகள். அவரைத் திருப்பி அனுப்பிய அதே யுவென்டஸ் கழகத்துக்காக அவர் பின்னாளில் பதினோரு ஆண்டுகள் ஆடினார்.

ஆனால் முட்டையால்தான் வளர்ந்தார் என்று எடுத்துக்கொண்டு பையனைப் படுத்தி எடுத்துவிடாதீர்கள். பதினான்கு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையில் ஆண் பிள்ளைகள் வளர்வது இயற்கை. சிலர் முன்னதாகவும் சிலர் பிந்தியும் வளர்வார்கள். நல்ல சாப்பாடு வளர்ச்சிக்குத் துணை நிற்கும் என்பதற்கு மேல் அந்தக் கதையில் மருத்துவம் ஒன்றும் இல்லை. வளர்ந்து முடிந்தபோது ஸோஃபின் உயரம் 1.82 மீட்டர். இன்றைய இத்தாலிய கோல்கீப்பர் டொன்னாரும்மாவின் உயரமான 1.96 மீட்டரோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையை உயரத்தை வைத்துக் கழித்துக்கட்டுவது தவறான தேர்வுமுறை என்பதே எங்கள் உறுதியான கருத்து. அந்த வயதில் பார்க்க வேண்டியது பந்து எங்கே வரும் என்பதைப் பையன் முன்கூட்டியே உணர்கிறானா, பிடித்த பந்து கையை விட்டு நழுவுகிறதா, கோல் வாங்கிய பிறகு முகம் தொங்கிப் போகிறதா என்பவற்றைத்தான். இவை மூன்றும் சரியாக இருக்கும் பிள்ளையை இரண்டு ஆண்டுகள் விடாமல் ஆட விடுங்கள்; உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

ஸோஃப் தொடக்கத்திலிருந்தே புகழோடு ஆடியவரா? எந்தெந்தக் கழகங்களில் இருந்தார்?
— ஒரு கல்லூரி மாணவர், திருமங்கலம்

தொடக்கம் மிகவும் மோசமானது. இளம் வயதில் மோட்டார் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டே ஆடியவர் அவர். உதினேசே கழகத்துக்காக 1961 செப்டம்பரில் இத்தாலியின் முதல்நிலைப் போட்டியான சீரி ஆவில் முதன்முதலாக இறங்கிய அன்று, ஃபியோரெண்டினாவிடம் அவருடைய அணி 5–2 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை நான்கே ஆட்டங்கள். பருவத்தின் முடிவில் உதினேசேயும் இரண்டாம் நிலைக்கு இறங்கிப்போனது.

பிறகு 1963 முதல் 1967 வரை மாந்தோவா. சிறிய கழகம், ஆனால் அங்கேதான் அவர் முழுமையான கோல்கீப்பராக உருவானார். 1967இல் பருவத்தின் கடைசி நாளன்று, பட்டத்தை எட்டிப் பிடிக்கும் நிலையிலிருந்த இண்டர் மிலான் மாந்தோவாவுக்கு வந்து 1–0 என்று தோற்றது. இண்டரின் கோல்கீப்பர் சார்த்தி எளிதான பந்து ஒன்றைக் கைநழுவ விட்டதே அதற்குக் காரணம். பட்டம் யுவென்டஸுக்குப் போய்விட்டது. எதிர்முனையில் மாந்தோவாவின் கோலில் கோல் எதுவும் விடாமல் நின்றவர், இண்டர் ஒருகாலத்தில் வேண்டாமென்ற ஸோஃப்தான்.

அதன்பின் ஐந்து ஆண்டுகள் நாப்போலி. 1972இல், முப்பது வயதில், யுவென்டஸ் அவரை வாங்கியது. அதுவரை அவர் ஒரு லீக் பட்டம்கூட வென்றதில்லை என்பதைக் கவனியுங்கள். முப்பதுக்கு மேல் வந்தவைதான் ஆறு லீக் பட்டங்கள், இரண்டு இத்தாலியக் கோப்பைகள், 1977இன் யுஇஎஃப்ஏ கோப்பை எல்லாம். பதினோரு பருவங்களில், பருவத்துக்கு 30 வீதம், 330 லீக் ஆட்டங்களிலும் ஒன்றுகூடத் தவறாமல் அவரே கோலில் நின்றார். காய்ச்சலோ காயமோ அவரை ஓர் ஆட்டத்திலிருந்தும் உட்கார வைக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை, அவர் வென்ற கோப்பைகள் அனைத்தையும்விட வியப்பூட்டும் செய்தி இதுவே.

எட்டாத ஒரே பெரிய கோப்பை, கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பை. அதன் இறுதியாட்டத்துக்கு யுவென்டஸ் இரண்டு முறை போய், 1973இல் அயாக்ஸிடமும் 1983இல் ஹம்பர்க்கிடமும் 1–0 என்ற அதே கணக்கில் தோற்றது.

*

நான் கல்லூரி அணியில் கோல்கீப்பர். பாய்ந்து விழுந்து பந்தைத் தட்டினால் பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். என் பயிற்சியாளரோ, "நீ விழுந்தால் தப்பு செய்திருக்கிறாய் என்று பொருள், ஸோஃபைப் பார்" என்கிறார். அப்படி என்னதான் அவருடைய பாணி?
— ஒரு மாணவர், அண்ணா நகர், மதுரை

உங்கள் பயிற்சியாளர் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கிறார் என்றாலும், சொன்னதன் உட்பொருள் சரி. ஸோஃப் பாயத் தெரியாதவர் அல்லர். பாய வேண்டிய தேவையே பல நேரங்களில் வராதபடி, பந்து உதைக்கப்படுவதற்கு முன்பே நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றுவிடுவார் என்பதுதான் அவருடைய பாணி. பழைய படச்சுருள்களில் அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு, எதிரணியினர் எல்லாரும் நேராக அவரைப் பார்த்தே அடிக்கிறார்களோ என்று தோன்றும். அவர் முன்னதாகவே கோணத்தை அடைத்துவிட்டதால்தான் அப்படித் தோன்றுகிறது.

இதை மைதானத்திலேயே கண்ணால் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நீளமான கயிறுகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு முனையை ஒவ்வொரு கோல் கம்பத்தின் அடியிலும் கட்டுங்கள். மறுமுனைகளைக் கோலுக்கு 11 மீட்டர் முன்னே இருக்கும் பெனால்டி புள்ளிக்குக் கொண்டுபோய், அங்கே பந்தை வைத்து அதனடியில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் இருக்கும் முக்கோணம்தான் பந்து வரக்கூடிய வழி. கோல் கோட்டின் மேலேயே நின்றால் நீங்கள் காக்க வேண்டிய அகலம் 7.32 மீட்டர். மூன்று மீட்டர் முன்னே வந்து நின்றால் கயிறுகளுக்கு இடையிலான அகலம் ஏறத்தாழ 5.3 மீட்டராகிவிடுகிறது, ஐந்து மீட்டர் வந்தால் நான்கு மீட்டர்தான். அதாவது, ஐந்து எட்டு வைத்து முன்னே வருவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இப்போது பந்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தச் சொல்லி, ஒவ்வொரு முறையும் கயிறுகளுக்கு நடுவில் வரும்படி நீங்களும் நகர்ந்து பாருங்கள். கோலுக்கு நடுவில் நிற்பதும் பந்துக்கும் கோலுக்கும் நடுவில் நிற்பதும் வேறு வேறு என்பது ஒரு மாலை நேரத்தில் விளங்கிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மிகவும் முன்னே வந்துவிட்டால் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எவ்வளவு முன்னே வருவது, எப்போது நின்றுவிடுவது என்பதை அளந்து அறிவதுதான் கலை. எதிராளியின் கால் பந்தை நோக்கி வீசப்படும் அந்த நொடியில் கோல்கீப்பர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு பாதங்களும் தரையில் இருக்க, உடல் எடை முன்பாதத்தில் இருக்க, அசையாமல் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவரின் பாதம் தரையில் ஊன்றாதிருப்பதால், எதிர்ப்பக்கம் போகும் பந்துக்கு அவரால் திரும்பவே முடியாது. நம் ஊர்க் கபடியில் கார்னரில் நிற்கும் ஆட்டக்காரர், ஏறி வருபவர் கால் வைக்கும் முன்பே பாய்ந்தால் புள்ளியை இழப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோலிலும் முதலில் அசைபவருக்கே இழப்பு. ஸோஃப் கடைசி நொடிவரை அசைய மாட்டார். என்ன செய்யப் போகிறார் என்பது தெரியாமல் உதைப்பவரே முதலில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அவருடைய கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிக்கக்கூடிய பந்தை அவர் தட்டிவிட மாட்டார். தட்டிவிட்ட பந்து மீண்டும் எதிராளியின் காலடியில் விழலாம். பிடித்த பந்தோடு ஆபத்து முடிந்துவிடுகிறது. மார்புக்கு மேலே வரும் பந்துக்கு இரு கட்டைவிரல்களும் பந்தின் பின்னால் அருகருகே இருக்கும்படியும், தாழ்வாக வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் அருகருகே இருக்கும்படியும் கைகளை வைத்து, பிடித்தவுடன் பந்தை மார்போடு அணைத்துக்கொள்வது கோல்கீப்பர் கலையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியை இருபது ஆண்டுகள் ஒரு நாளும் விடாமல் செய்தவர் ஸோஃப்.

நம் பகுதி மைதானங்களுக்கு இந்தப் பாணி இன்னும் பொருத்தம். கோடையில் கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலிலும், சரளை பரவிய பள்ளி மைதானத்திலும் ஆடும் நம் பிள்ளைகள் பாய்ந்து விழுந்தால் இடுப்பிலும் முழங்கையிலும் தோல் வழன்றுவிடுகிறது. புண் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடுகிறது. பத்துப் பாய்ச்சல்களில் ஆறு, நின்ற இடம் சரியாக இருந்தால் தேவைப்பட்டிருக்காதவை. மிச்சமுள்ள நான்குக்காக உடம்பைச் சேமித்து வையுங்கள்.

*

1,142 நிமிடங்கள் கோல் வாங்காமல் இருந்தார் என்கிறார்களே, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது? அந்தச் சாதனை இன்னும் நிற்கிறதா?
— ஒரு வாசகர், செல்லூர்

அது இத்தாலியின் தேசிய அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கு. 1972 செப்டம்பரில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக ஒரு கோல் வாங்கியதற்குப் பிறகு, 1974 ஜூன் 15 அன்று உலகக் கோப்பையில் ஹெய்டி அணியோடு ஆடும்வரை, ஆட்டத்துக்கு ஆட்டம் நிமிடங்களைக் கூட்டினால் 1,142 வருகிறது. இடையில் எதிர்ப்பட்டவை எளிய அணிகள் மட்டுமல்ல. 1973 ஜூனில் ரோமில் பிரேசிலை 2–0 என்றும், சில நாட்கள் கழித்து டுரினில் இங்கிலாந்தை 2–0 என்றும் இத்தாலி வென்றது. அதே ஆண்டு நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 1–0 என்று வென்றது, இங்கிலாந்து மண்ணில் இத்தாலி பெற்ற முதல் வெற்றி. அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் ஹாலந்தின் யோஹான் க்ரைஃபுக்கு அடுத்த இடத்தை ஒரு கோல்கீப்பர் பிடித்தார் என்றால், இந்த ஆட்டங்களே அதற்குக் காரணம்.

அந்தத் தொடரை முறித்தவர் உலகம் அதுவரை அறியாத ஹெய்டியின் எம்மானுவேல் சானோன். மியூனிக்கில் இரண்டாம் பாதி தொடங்கிய உடனே, தடுப்பாட்டக்காரரை ஓட்டத்தில் பின்னுக்குத் தள்ளி, முன்னே வந்த ஸோஃபையும் சுற்றிக்கொண்டுபோய் வெற்றுக் கோலில் பந்தை அடித்தார். இத்தாலி அன்று 3–1 என்று வென்றாலும், அந்த உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியது.

2021இல் இத்தாலி அணி 1,168 நிமிடங்கள் கோல் வாங்காமல் இருந்து பழைய அளவைக் கடந்தது. ஆனால் அது அணியின் கணக்கு; அந்த ஆட்டங்களில் கோலில் நின்றவர்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். 1,142 ஒரே மனிதருடைய கணக்கு. லீக் ஆட்டங்களில் அவர் 1972–73 பருவத்தில் வைத்திருந்த 903 நிமிடங்கள் என்ற சாதனையை மிலான் கழகத்தின் செபாஸ்தியானோ ரோஸி 929 நிமிடங்களோடு முந்தினார். பிறகு 2016இல் யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் 974 நிமிடங்களாக உயர்த்தினார்.

*

1968இல் நாணயம் சுண்டி இத்தாலி ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக்குப் போனது என்பது மெய்யா? அப்போது ஸோஃப் ஆடினாரா?
— ஒரு வாசகர், சோழவந்தான்

மெய். இது நாடுகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை; மேலே சொன்ன கழகக் கோப்பை வேறு. அரையிறுதியில் சோவியத் யூனியனோடு நாப்போலி நகரில் ஆடிய ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0–0. அந்நாளில் பெனால்டி முறை இல்லாததால் நாணயம் சுண்டினார்கள். இத்தாலியின் கேப்டன் ஃபக்கெட்டி சரியாகச் சொன்னார். இறுதியில் யுகோஸ்லாவியாவோடு 1–1, மறு ஆட்டத்தில் 2–0. ஸோஃப் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடியிருந்தார். இந்த மூன்று ஆட்டங்களிலும் அவரே கோலில் நின்றார். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆல்பெர்தோஸியைக் கோலில் நிறுத்திவிட்டு, இவரை ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை.

*

நாற்பது வயதில் ஒருவர் உலகக் கோப்பையில் ஆடியதே பெரிது. அந்த வயதில் கண்பார்வை மங்காதா? 1978இல் தூரத்திலிருந்து அடித்த பந்துகளை விட்டாராமே?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருப்பரங்குன்றம்

விட்டார். 1978இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பையில் இறுதிக்குப் போகும் வாய்ப்பிருந்த ஆட்டத்தில், ஹாலந்தின் பிராண்ட்ஸும் ஆரி ஹானும் வெகுதொலைவிலிருந்து அடித்த இரண்டு பந்துகள் அவரைக் கடந்து கோலுக்குள் போயின; ஹான் அடித்தது கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலின்யோவும் திர்செயுவும் அதே போலத் தூரத்திலிருந்து அடித்தார்கள். இரண்டு ஆட்டங்களிலும் இத்தாலி 2–1 என்று தோற்றது. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. கண் தெரியவில்லை, காலம் முடிந்தது என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின.

நெலின்யோவின் பந்து வெளிப்பக்கமாகப் போய் உள்ளே வளைந்த விந்தையான அடி. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஹான் அடித்த பந்தில் ஸோஃபுக்குப் பொறுப்பு உண்டு என்றே நாங்கள் கருதுகிறோம். அசையாமல் நின்று பார்க்கும் பாணியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது: பந்து வளைந்து, வேகமாக, தொலைவிலிருந்து வரும்போது கடைசி நொடிவரை காத்திருப்பவருக்குக் கம்பத்தின் ஓரத்தை எட்ட நேரம் போதாமல் போய்விடுகிறது. பெனால்டிகளிலும் அவர் பேர்பெற்றவர் அல்லர். 1980 ஐரோப்பியக் கோப்பையில் மூன்றாமிடத்துக்காகச் செக்கோஸ்லோவாக்கியாவோடு ஆடியபோது, அவர்கள் அடித்த ஒன்பது பெனால்டிகளில் ஒன்றைக்கூட அவரால் தடுக்க முடியவில்லை.

பயிற்சியாளர் என்சோ பெயார்சோட் அவரைக் கைவிடவில்லை. 1982இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பைக்கு நாற்பது வயதுக் கேப்டனாக ஸோஃபை அழைத்துப் போனார். முதல் சுற்றில் போலந்து, பெரு, கேமரூன் மூன்றோடும் சமன். கேமரூனைவிட ஒரு கோல் கூடுதலாக அடித்திருந்ததால் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போனார்கள். பத்திரிகைகளின் தாக்குதலால் மனம் வெறுத்த ஆட்டக்காரர்கள் செய்தியாளர்களோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தபோது, அணியின் சார்பில் பேச ஒப்படைக்கப்பட்டவர் அணியிலேயே குறைவாகப் பேசும் ஸோஃப். இரண்டு சொல் கேட்டால் ஒரு சொல் சொல்பவரிடம் செய்தியாளர்களால் எதைப் பிடுங்க முடியும்?

அர்ஜென்டினாவை 2–1 என்று வென்ற பிறகு, ஜூலை 5 அன்று பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் பிரேசில். அரையிறுதிக்குப் போக பிரேசிலுக்குச் சமன் போதும். இத்தாலி வென்றாக வேண்டும். பாவ்லோ ரோஸியின் மூன்று கோல்களால் 3–2 என்று இத்தாலி முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இடப்பக்கத்திலிருந்து எடெர் அடித்த ஃப்ரீகிக் பந்தை, பிரேசிலின் நடுத் தடுப்பாட்டக்காரர் ஆஸ்கர் எம்பித் தலையால் முட்டினார். பந்து தாழ்ந்து, ஸோஃபின் இடப்பக்கம், கம்பத்துக்கு உட்புறமாகப் போனது. அவர் விழுந்து, கோல் கோட்டின் மேலேயே அதைப் பிடித்து அமுக்கிவிட்டார். தட்டியிருந்தால் பந்து திரும்பி வந்து ஏதாவதொரு மஞ்சள் சட்டையின் காலில் பட்டிருக்கும். இரண்டு அங்குலம் பின்வாங்கியிருந்தால் கோடு கடந்திருக்கும். பிரேசில் ஆட்டக்காரர்கள் கோல் என்று கையைத் தூக்கினார்கள். நடுவர் கோல் கொடுத்துவிடுவாரோ என்று ஸோஃப் அஞ்சினார். நடுவர் சரியாகவே பார்த்திருந்தார்.

பிடிக்கக்கூடிய பந்தைத் தட்டாதே என்று மேலே ஒரு மாணவருக்கு எழுதினோமே, அதற்கு இதைவிட நல்ல சான்று கால்பந்து வரலாற்றில் இல்லை. நாற்பது வயதில் பாய்ச்சலின் நீளம் குறைந்திருக்கலாம். கைப்பிடி தளரவில்லை, நின்ற இடமும் தவறவில்லை. தங்கள் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: கண்ணும் காலும் இழந்ததை, எங்கே நிற்பது என்ற அறிவு ஈடுகட்டியது.

அரையிறுதியில் போலந்தை 2–0, ஜூலை 11 அன்று மாட்ரிடில் மேற்கு ஜெர்மனியை 3–1. கோப்பையை உயர்த்திப் பிடித்த அவருடைய கைகளை ஓவியர் ரெனாத்தோ குத்தூஸோ வரைய, இத்தாலி அஞ்சல்தலை வெளியிட்டது. முகம் இல்லாமல் கைகளை மட்டும் வரைந்தது மிகப் பொருத்தம். 1968, 1982 ஆகிய இரண்டு வெற்றிகளிலும் பங்கேற்றதால், ஐரோப்பியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் வென்ற ஒரே இத்தாலிய ஆட்டக்காரரும் அவர்தான். மறு ஆண்டு, 112 பன்னாட்டு ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார்.

*

ஸோஃபா, புஃபோனா? யார் பெரியவர்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
— நண்பர்கள் மூவர், வில்லாபுரம்

புஃபோன். பாய்ச்சல், வேகம், எதிராளி தனியாக வரும்போது காட்டும் துணிவு, முடியாத பந்தை எட்டும் திறன் ஆகிய அனைத்திலும் அவர் ஒரு படி மேலே. பதினேழு வயதில் பார்மாவுக்காக மிலானை எதிர்த்து இறங்கி கோல் வாங்காமல் முடித்தவர். 176 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியவர். 2006 உலகக் கோப்பை முழுவதிலும் சொந்த அணியினரின் தவறான உதை ஒன்றையும் ஜிடானின் பெனால்டி ஒன்றையும் தவிர வேறு கோல் விடாதவர். யுவென்டஸ் தண்டனையாக இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டபோதும் கழகத்தை விட்டுப் போகாதவர்.

இருந்தாலும் இருவரையும் ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1992 வரை, சக ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். விதி மாறிய பிறகு கோல்கீப்பர் காலாலும் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதாயிற்று. ஸோஃபுக்கு முன்னால் ஷிரேயா, ஜெண்டிலே, கப்ரீனி போன்ற தடுப்பாட்டக்காரர்கள் நின்றார்கள் என்பதும், அவர்கள் எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்கிக் கோணத்தைக் குறுக்கித் தந்தார்கள் என்பதும் உண்மை. பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பிக்க ஒருவரைக் காட்டு என்றால் ஸோஃபையே காட்டுவோம். புஃபோனிடம் இருந்தது பிறவியில் வந்தது. ஸோஃபிடம் இருந்ததில் பெரும்பகுதி யாரும் பழகிக்கொள்ளக்கூடியது.

*

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?
— ஒரு வாசகி, கூடல் நகர்

பயிற்சியாளரானார். யுவென்டஸுக்கு 1990இல் யுஇஎஃப்ஏ கோப்பையையும் இத்தாலியக் கோப்பையையும் வென்று தந்தார். பிறகு லாட்ஸியோ, 1998 முதல் தேசிய அணி. 2000 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் பிரான்சிடம் கூடுதல் நேரத்தில் தோற்றபோது, அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனி அவருடைய ஆட்டத் திட்டத்தை இழித்துப் பேசினார். ஸோஃப் வாதாடாமல் பதவி விலகினார்.

*

என் மகள் பள்ளி அணியில் கோல்கீப்பர். எங்கள் ஊரில் கோல்கீப்பருக்கெனத் தனிப் பயிற்சியாளர் யாரும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும். வீட்டிலேயே என்ன பழக்கலாம்? கையுறை அவசியம் வாங்க வேண்டுமா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

கையுறை நல்லதுதான், ஆனால் பழகத் தொடங்க அது இல்லாமல் முடியாது என்பதில்லை. முதலில் முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை வாங்கிக் கொடுங்கள். நம் தரைக்கு அதுவே முக்கியம்.

வீட்டுச் சுவரிலிருந்து நான்கைந்து எட்டுத் தள்ளி நின்று, பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதை இரண்டு கைகளாலும் பிடித்து மார்போடு அணைக்கச் சொல்லுங்கள். பிடிக்கும்போது சத்தம் வரக் கூடாது. 'பட்' என்று சத்தம் வந்தால் உள்ளங்கையில் அடிபடுகிறது, விரல்கள் வேலை செய்யவில்லை என்று பொருள். நன்றாகப் பழகியதும், மகள் சுவரைப் பார்த்து நிற்க, நீங்கள் அவளுக்குப் பின்னாலிருந்து சுவரில் எறியுங்கள். பந்து எந்தப் பக்கம் வருமென்று தெரியாததால் முன்கூட்டியே அசையும் பழக்கம் தானாக விட்டுப்போகும்.

மைதானத்தில், மேலே சொன்ன கயிற்றுப் பயிற்சியை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள். அதற்குத் தனிப் பயிற்சியாளர் தேவையில்லை, கயிறு பிடிக்க அணியில் இன்னொரு பெண் போதும். மகள் சிறியவளாக இருந்தால், முழு அளவு கோலில் தலைக்கு மேலே போகும் பந்துகளுக்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லுங்கள். குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர்; பல நாடுகளில் சிறுவர் சிறுமியருக்குச் சிறிய கோல் வைத்தே ஆட விடுகிறார்கள். முழுக் கோலின் நடுவில் இருபக்கமும் இரண்டு கம்புகளை நட்டு, மேலே ஒரு கயிறு கட்டி, அந்தச் சிறிய கோலைக் காக்கப் பழக்கினால் போதும். வளர வளரக் கம்புகளைத் தள்ளி நட்டுக்கொள்ளலாம்.